தவறி விழுதல்: வாசற்படி, வீடு, முதிய உடல் பற்றிச் சில குறிப்புகள்

1

மம்சாபுரத்து வீட்டில் எங்கள் அப்பத்தா விழுந்தது ஒரு மார்கழி விடிகாலையில். கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பியவள், பின்வாசல் படியில் பெருவிரல் தட்டி, பிடிக்க ஒன்றும் இல்லாமல், வலது இடுப்பு தரையில் மோத விழுந்தாள். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. விசாரிக்க வந்த சனமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: "பாத்து வரக்கூடாதா?" அப்பத்தாவும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் எங்கய்யா விழுந்தேன்? அந்தப் படில்ல என்னையத் தட்டிவிட்டுச்சு." வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலியிலும் கிழவிக்கு விளையாட்டுப் போகவில்லை என்று பேசிக்கொண்டோம்.

அவள் சொன்னது ஒரு வரலாற்றுப் பார்வை என்பது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் 'உடலும் அதிகாரமும்' என்று இரண்டு கூட்டங்களில் பேசிவிட்டு வந்திருந்தேன்.

தமிழில் 'தவறு' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. தவறு என்றால் குற்றம். கால் தவறியது என்றால் சறுக்கியது. தெற்கே 'அவுக தவறிட்டாக' என்றால் செத்துப்போனார்கள். வயசாளியின் சறுக்கல் இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. தவறி விழுந்தவள் தவறு செய்தவளாகிறாள், பிறகு தவறிப்போகிறாள். விழுதலுக்கு வெளியில் ஒரு காரணம் இருக்கலாம் என்ற பேச்சுக்கே இந்தச் சொல்லில் இடமில்லை. 'பாத்து வரக்கூடாதா' என்ற கேள்வியில் கருணையும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. தீர்ப்பு உடலுக்கு, படிக்கு விடுதலை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து சாகிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். செத்தவர்களில் அதிகம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். இத்தனை பேர் விழும் ஒன்றை 'அவுக விதி' என்றும் 'கவனக்குறைவு' என்றும் தனித்தனி ஆட்களின் கணக்கில் எழுதிவைப்பது ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஆதாயம் அடைவது யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2

இலக்கியம் படித்தவன் என்பதால் முதலில் இலக்கியத்தில்தான் தேடினேன். புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. பாட்டில் வரும் கைத்தடியை வைத்து அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டுவிட்டார்கள். மரக்கிளையில் ஏறி ஆழமான மடுவில் குதித்து அடியிலிருந்து மணல் அள்ளிவந்த இளமையை, இருமலுக்கு இடையில் பேச்சு வரும் கிழப்பருவத்தில் ஒருவர் நினைத்துக்கொள்கிற பாட்டு அது. 'விழுத்தண்டு' என்பதில் விழு என்றால் சிறந்த என்று பொருள் சொல்வார்கள். பொருள் சரிதான். ஆனால் இன்றைக்கு வாசிக்கும் காதில் விழுகிற தண்டு என்றும் கேட்கிறது. இளைஞன் விழுந்தால் அது பாய்ச்சல். கிழவர் விழுந்தால் சறுக்கல். நடுவில் இருப்பது ஒரு கோல்.

அற இலக்கியத்திற்கு வந்தால் இந்தக் கோல் பாடப்புத்தகமாகிவிடுகிறது. நாலடியாரில் இளமை நிலையாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. இளமையில் மயங்கிக் கிடந்தவர்கள் பிறகு கோலை ஊன்றி வருத்தத்தோடு எழுந்திருப்பார்கள் என்று அது எச்சரிக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்த முதிய உடல் அங்கே யாருக்காக நிற்கிறது என்பது. இளைஞனுக்குப் பாடம் சொல்ல நிற்கிறது. அவர் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார் என்பது தெரிகிறது. எந்தத் தரையிலிருந்து எழுந்திருக்கிறார், பிடிக்க அங்கே என்ன இருந்தது என்பது நிலையாமைச் சொல்லாடலுக்குத் தேவைப்படவில்லை. உடல் நிலையற்றது என்று சொல்லி முடித்துவிட்டால் வீட்டை மாற்ற வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றிப் பேசும் நூல்களும் இப்படித்தான். அச்சாகி இன்றும் விற்கும் மனையடி சாஸ்திரப் புத்தகங்கள் அறையின் நீள அகலத்துக்கு அடி வாரியாகப் பலன் சொல்கின்றன. இத்தனை அடி வைத்தால் செல்வம், இத்தனை அடி வைத்தால் நாசம். அந்த வீட்டுக்குள் நடமாடப்போகிற முழங்கால்களுக்குப் பலன் சொல்லும் சாஸ்திரம் நம்மிடம் எழுதப்படவில்லை.

3

இனி வீட்டுக்கு வருவோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்குமலை அடிவாரத்துச் சம்சாரி ஊர் மம்சாபுரம். எங்கள் வீடு மூன்று தலைமுறையில் மூன்று முறை உருமாறியது. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு விழுதலைத் தயாரித்துவைத்தன என்பதை இப்போது பின்னோக்கி வாசிக்க முடிகிறது.

முதலில் இருந்தது மண்சுவர், ஓட்டுக்கூரை, சாணி மெழுகிய தரை. அந்தத் தரையில் கால் சறுக்குவது அரிது. விழுந்தாலும் தரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். திண்ணை இருந்தது, வெளியிலிருந்து வருகிறவர் பாதி உயரம் ஏறி, உட்கார்ந்து மூச்சு வாங்கி, பிறகு மீதியை ஏறலாம். தூண்கள் இருந்தன. திண்ணைத் தூண், முற்றத்துத் தூண். கூரையைத் தாங்க வைத்த மரம், வீட்டுக் கிழவர்களுக்குக் கேட்காமலே கிடைத்த கைப்பிடி. தூணுக்குத் தூண் கைமாற்றி அப்பத்தாவின் மாமியார் கடைசிவரை நடந்தாள் என்று வீட்டில் சொல்வார்கள்.

இதைச் சொல்வதால் பழைய வீட்டுக்குப் பல்லாண்டு பாடுகிறேன் என்று ஆகிவிடக் கூடாது. தலைவாசல் நிலை குள்ளம், வாசற்படி உயரம், உள்ளே இருட்டு. திண்ணை எல்லோருக்கும் திண்ணையாக இருந்ததில்லை. யார் அதில் உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. சேரிக் குடிசைக்குத் திண்ணையும் கிடையாது, தூணும் கிடையாது. பனையேறியின், கிணறு வெட்டியவரின், சாரம் கட்டியவரின் விழுதல்கள் முதுமைவரை காத்திருப்பதும் இல்லை. வயசாகி விழுவதற்கே ஒரு வசதி வேண்டியிருக்கிறது என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

பிறகு சிமெண்ட் வந்தது. ராஜபாளையத்துக்காரர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மதராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் 1957இல் பதிவானது. 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகே அதன் ஆலை ஓடத் தொடங்கியது. சிமெண்ட் நம் பக்கத்துச் சரக்கானது. சிமெண்ட் தரை கௌரவம். காவி போட்டுத் தேய்த்த தரை அதைவிடக் கௌரவம். பிறகு மொசைக், அதற்குப் பிறகு டைல்ஸ். ஒவ்வொரு கட்டத்திலும் தரை பளபளப்புக் கூடியது. சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பளபளப்பு. ஒட்டுக் கூரை வந்ததும் தூண்கள் போயின. ஹால் என்று பெயர் பெற்ற அந்த வெற்றிடத்தின் நடுவில் நிற்கும் கிழவிக்குக் கைக்கெட்டிய தூரத்தில் பிடிக்க எதுவுமில்லை, பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர. அது அவளைவிட முந்தி விழும்.

அடுத்தது ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தமிழ்நாட்டில் தெருக்கள் உயர்ந்துகொண்டே வந்தன. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. எனவே கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டை உயர்த்தினோம். திண்ணை இடிந்தது, படி கூடியது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட வேண்டிய அளவுக்கு இது வளர்ந்திருந்தது. ஒப்பந்தக்காரரின் சிக்கனத்துக்கு வட்டி கட்டியது வயசாளிகளின் முழங்கால்.

கடைசியாகக் கக்கூஸ். காட்டுக்குப் போன காலம் முடிந்து வீட்டோடு கழிவறை வந்தது பெரிய விடுதலை, முக்கியமாகப் பெண்களுக்கு. ஆனால் அதைக் கொல்லைக் கோடியில்தான் கட்டினோம், தீட்டு என்று. குழித்தொட்டிக்கு மட்டம் வேண்டும் என்று மேடாக்கி மூன்று படி வைத்தோம். உள்ளே குத்தவைக்கும் பீங்கான். குத்தவைத்த பிறகு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி பதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, பிரஷர் மாத்திரை போட்ட தலை லேசாகச் சுற்ற, ஈர முற்றம் கடந்து அந்த மூன்று படி ஏற வேண்டிய ஓர் உடலை மனதில் வைத்து அந்த வீட்டின் ஒரு செங்கல்லைக்கூட நாங்கள் வைக்கவில்லை. சம்பாதிக்கிற, தூக்குகிற, தாண்டுகிற உடல்தான் வீட்டின் அளவுகோல். மற்றவர்கள் அந்த உடலின் வீட்டில் குடியிருப்பவர்கள்.

4

விழுந்த பிறகு என்ன நடக்கிறது? இடுப்பு முறிந்தால் இன்று அறுவை செய்து உலோகம் பொருத்தலாம். ஆனால் தொடையெலும்பின் கழுத்தை ஆணி வைத்து இணைக்கும் முறையை ஸ்மித் பீட்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வெளியிட்டது 1931இல்; ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் செயற்கை இடுப்பு மூட்டுக்கு நிலையான வடிவம் கொடுத்தது 1962இல். அதற்கு முன்னால், நம் ஊர்களில் அதற்குப் பின்னாலும் நெடுங்காலம், இடுப்பு முறிந்தவருக்குக் கட்டில்தான். கட்டிலிலிருந்து படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, சாவு. அறுவை செய்துகொள்ளும் நாடுகளிலேயே இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் ஓராண்டுக்குள் இறக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கட்டிலுக்கும் சாவுக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. தலைக்கூத்தல். தலைக்கு ஊற்றுவது. படுக்கையில் விழுந்து எழுந்திருக்க மாட்டாதவர்களுக்கு எண்ணெய் வைத்துக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இளநீர் கொடுத்து, சாவை விரைவுபடுத்துவது. விருதுநகர் மாவட்டத்தில் தனக்கு இது நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்ட முதியவர் ஒருவர் வீட்டைவிட்டுத் தப்பிப்போன செய்தி 2010இல் வெளியான பிறகுதான் அரசும் பத்திரிகைகளும் இதைப் பேசத் தொடங்கின. 'கே.டி. என்கிற கருப்புதுரை' 2019இல் வந்தது. 2018ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வான 'பாரம்' 2020இல் திரைக்கு வந்தது. அதில் எல்லாவற்றையும் தொடங்கிவைப்பது ஓர் இடுப்பு முறிவு. 2023இல் 'தலைக்கூத்தல்' என்றே ஒரு படம்.

இதைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இரண்டு வகை. 'காட்டுமிராண்டித்தனம்' என்று நகரத்திலிருந்து எழுதுவது ஒன்று. 'கருணைக்கொலை, நம்ம பண்பாடு' என்று மழுப்புவது மற்றொன்று. இரண்டுமே கதையைக் கட்டிலிலிருந்துதான் தொடங்குகின்றன. கட்டிலுக்கு எப்படி வந்தார் என்று கேட்பதில்லை. ஸ்பின்னிங் மில்லுக்கும் விசைத்தறிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற மருமகள் ஒருத்தி, கிழவியைத் திருப்பிப்போட வீட்டில் தங்கினால் அன்றைய கூலி போச்சு. மகன் திருப்பூரில். அந்தப் பெண்ணின் கையில்தான் இந்தச் சமூகம் கடைசிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. கொலையைக் கொலை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தக் கொலை நடந்த நாளை விடிகாலைக் குளியலிலிருந்து எண்ணக் கூடாது. சிலருடைய கதையிலாவது அது ஒரு படியில் தட்டிய நாளில் தொடங்கியிருக்கிறது.

சுவரில் ஒரு கைப்பிடி பதிப்பது எங்கள் மாவட்டத்தில் எந்தக் காரியத்தைச் சேர்ந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும். அதை வீட்டு அலங்காரக் குறிப்பாகப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்குத் தள்ளிவிட முடியாது.

5

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே நெய்வது மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. நாடு முழுக்கப் போகிறது. விழுந்த பிறகு கட்டுவதற்கான துணியில் நாம் பெயர் பெற்றவர்கள். விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நம் பேச்சில் இல்லை.

அந்த அறிவு உலகத்தில் இருக்கிறது. வீட்டிலுள்ள இடர்களைக் களைவது பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இதனால் விழுதல்கள் சுமார் கால் பங்கு குறைவதாகக் கண்டது. ஏற்கெனவே விழுந்தவர்கள், நடக்கச் சிரமப்படுகிறவர்கள் போன்றோரிடம் 38 சதவீதம். களைவது என்றால் பெரிய வித்தை இல்லை. கழிவறையிலும் படியோரத்திலும் கைப்பிடி. படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு. ஈரத்திலும் பிடிக்கும் சொரசொரப்பான தரை. நழுவும் கால்மிதியும் வழியில் கிடக்கும் வயரும் அகற்றுவது. படியின் விளிம்பில் பளிச்சென்று ஒரு வண்ணக்கோடு. குத்தவைக்க முடியாதவருக்கு உட்காரும் கழிவறை, அல்லது அதன்மேல் வைக்கும் நாற்காலி.

வீட்டுக்கு வெளியே செய்வதும் உண்டு. கண்புரை அறுவையைத் தாமதிக்காமல் செய்தால் விழுதல் மூன்றில் ஒரு பங்கு குறைவதாக 2005இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஆய்வு காட்டியது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையின் கண் முகாம்களுக்கு வேனில் ஏறிப்போய்ப் பச்சைத்துணி கட்டித் திரும்பிய கிழவிகளுக்கு, படியின் விளிம்பும் சேர்ந்து திரும்பக் கிடைத்தது என்று இதை வாசிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'பாதுகாப்பு' என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. விழாமல் பார்த்துக்கொள்ள வீடுகள் கண்டுபிடித்திருக்கிற எளிய வழி "நீ எந்திரிக்காத, ஒரு இடத்துல உக்காரு" என்பது. அக்கறைதான், ஆனால் நடக்காத கால் சில வாரங்களிலேயே வலுவிழக்கிறது, வலுவிழந்த கால் அடுத்த முறை நிச்சயம் விழுகிறது. கிழவியைக் கட்டிப்போட்டு விழுதலை நிறுத்துவதும், நடமாட்டத்துக்கு ஏற்ப வீட்டைத் திருத்தி விழுதலைக் குறைப்பதும் ஒன்றாகாது. முதலாவதில் அதிகாரம் மாறாமல் இருக்கிறது. இரண்டாவதில் சுவர் அசைய வேண்டியிருக்கிறது. அதனால்தான் முதலாவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

அரசு எங்கே இருக்கிறது? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். இந்தியச் சராசரி 8.6. முதியோர் உதவித்தொகை இங்கே 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது. 2023இல் 1,200 ரூபாயானது. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னைப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1978இல். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. குறைத்துச் சொல்ல முடியாத காரியங்கள். ஆனால் எல்லாம் உடலைத் தேடி வருகின்றன. வாசற்படியைத் தாண்டித்தான் உள்ளே வருகின்றன, வாசற்படியைப் பார்ப்பதில்லை. 2007இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனிடம் ஜீவனாம்சம் வாங்கித் தரும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் கேட்கும். பெருவாரியான முதியவர்கள் விழும் இடமான சொந்த வீடு இரண்டுக்கும் வெளியே கிடக்கிறது. 2011இன் பசுமை வீடு 300 சதுர அடி. 2024இன் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. பயனாளிகளின் வீடுகள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடியை நான் பார்த்ததில்லை. ஜப்பானில் 2000இல் நடைமுறைக்கு வந்த நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீடு, கைப்பிடி வைக்கவும் படி மட்டத்தைச் சமன்படுத்தவும் 2 லட்சம் யென் வரையான செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பணக்கார நாடு என்று சொல்லலாம். ஒரு கம்பிக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6

அப்பத்தாவுக்கு அறுவை நடந்தது. நடைச்சட்டத்தோடு வீடு திரும்பினாள். நடைச்சட்டம் பின்வாசல் படியைத் தாண்டவில்லை. டேப் எடுத்து அளந்தேன். பதினோரு அங்குலம். குடியிருப்புப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு, ஏழரை அங்குலத்துக்கு, மேல் போகக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இத்தனை வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் பதினோரு அங்குலம் ஏறி இறங்கியிருக்கிறாள். எழுத்தாளன் என்று வீட்டில் ஒருவன் இருந்தும் அதைப் பார்த்ததில்லை.

படியை வெட்டலாம் என்றேன். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வாசப்படி லட்சுமிடா. அதுல கடப்பாரை போட்டா குடும்பத்துக்கு ஆகாது." அம்மாவும் அவர் பக்கம். பகுத்தறிவு பேசி ஒரு வாரம் வீணானது. முடித்துவைத்தது கொத்தனார். "வெட்ட வேணாம்ணே, ரெண்டு பக்கமும் பாதி ஒசரத்துக்கு ஒரு படி கட்டிருவோம். பக்கத்துல ஒரு பைப்பு நட்டுருவோம்." லட்சுமியும் பிழைத்தாள். அரை மூட்டை சிமெண்ட், கொஞ்சம் செங்கல், ஒரு ஜி.ஐ. பைப், ஒரு நாள் கூலி. முதல் மூன்று நாள் அப்பத்தா அந்தப் பைப்பைத் தொடவில்லை. பிடித்தால் கிழவி ஆகிவிடுவோம் என்ற வீம்பு. பிறகு பிடித்தாள். அதற்கப்புறம் ஈரத்துணி காயப்போட்டாள். அதை எடுக்கச் சொல்லித் தினமும் சண்டை.

கூட்டங்களில் உடல் பற்றிப் பேச இப்போதும் கூப்பிடுகிறார்கள். போகிறேன். தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பின்வாசல் படி எத்தனை அங்குலம்? இதுவரை ஒருவரும் உடனே பதில் சொன்னதில்லை. ஊருக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள். அளந்ததைப் பேரூராட்சிக் கூட்டத்தில், வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தருகிற மேசையில், தொகுப்பு வீடு கட்டும் பொறியாளரிடம் கேள்வியாக வையுங்கள். விழுந்தவரிடம் "பாத்து வரக்கூடாதா" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதிக் கதை மாறும். படியைத்தான் விசாரிக்க வேண்டும். அப்பத்தா அதை அன்றைக்கே சொன்னாள்.